மாதக் கட்டணத்தை நிறுத்தினால் மின்தூக்கி ஓடுமா?

"மின்தூக்கி இரண்டு வாரமாக வேலை செய்யவில்லை. குப்பை அள்ள ஆளில்லை. பாதுகாவலர் நாற்காலியிலேயே தூங்குகிறார். எதற்காக நான் மாதா மாதம் பணம் கட்ட வேண்டும்? முதலில் எல்லாம் சரியாகட்டும், பிறகு கட்டுகிறேன்."

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிர்வாக அலுவலகங்களில் அன்றாடம் ஒலிக்கும் குரல் இது. கேட்பதற்கு நியாயமாகவே படும். கடையில் வாங்கிய பொருள் கெட்டுப்போயிருந்தால் பணம் கொடுக்க மறுக்கிறோம் அல்லவா, அது போலத்தானே இதுவும் என்று பலர் வாதிடுவார்கள். ஆனால், சட்டத்தின் கண்ணோட்டத்தில் இரண்டும் ஒன்றல்ல. கொண்டோமினியத்தில் வீடு வைத்திருப்பவர் வாடிக்கையாளர் அல்ல. அந்தக் கட்டடத்தின் பங்குதாரர். இந்த ஒரு வேறுபாட்டை உணராததால்தான் நம்மவர்களில் பலர் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் வழக்கில் தோற்றுப் போகிறார்கள்.

நம் பழக்கமும் இதற்கு ஒரு காரணம் எனலாம். தோட்டத்து லயன் வீட்டில் கூரை ஒழுகினால் நிர்வாகத்திடம் போய்ச் சொன்னால் போதும். பிரிக்பீல்ட்சில் 1905ஆம் ஆண்டு கட்டப்பட்டு, இப்போது இடிக்கப்பட்டுவிட்ட நூறு குவார்ட்டர்ஸ் வீடுகளில் ரயில்வே ஊழியர்களும் அரசாங்க ஊழியர்களும் குடியிருந்தார்கள். அங்கே கட்டடத்தைக் கவனிப்பது அரசாங்கத்தின் வேலை. பிறகு தாமான்களில் தரை வீடு வாங்கியவர்களுக்குக் கூரையும் சுவரும் முழுக்க முழுக்கச் சொந்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது கொண்டோ வாழ்க்கை. வீட்டுக்குள் நீங்கள் ராஜா. கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால் அந்த நடைபாதைக்கு நீங்களும் முதலாளி, எதிர் வீட்டுக்காரரும் முதலாளி, ஒருமுறைகூட முகம் பார்த்திராத 15ஆவது மாடிக்காரரும் முதலாளி.

எங்கிருந்து வந்தது இந்தச் சட்டம்?

ஒரே நிலத்தின் மீது அடுக்கடுக்காகப் பலருக்குத் தனித்தனிப் பட்டா கொடுக்கலாம் என்ற முறைக்கு வழிகாட்டியது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். அங்கே 1961ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. மலேசியாவில் 1985ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டம் அதே ஆண்டு ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. பட்டா கொடுப்பது எப்படி என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆனால், பட்டா வந்து சேரும்வரை கட்டடத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி பல ஆண்டுகள் இழுபறியாகவே கிடந்தது. பட்டா வருவதற்கோ சில இடங்களில் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை மேம்பாட்டாளர் வைத்ததே சட்டம். வசூலான பணம் எங்கே போனது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

இந்த ஓட்டையை அடைக்க 2007ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. கட்டட ஆணையர் என்ற பதவியும், வீட்டு உரிமையாளர்களும் மேம்பாட்டாளரும் சேர்ந்து அமைக்கும் கூட்டு நிர்வாக அமைப்பும் அப்போதுதான் பிறந்தன. ஜே.எம்.பி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பின்னர் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், அதாவது 757ஆவது சட்டம், இயற்றப்பட்டது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் 2015 ஜூன் முதல் தேதியிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. கொண்டோ, அபார்ட்மென்ட், மலிவு விலை அடுக்குமாடி எதுவானாலும், தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்டிருந்தால் இதே சட்டம்தான். பண்டாமாரானில் உள்ள நான்கு மாடிக் கட்டடத்துக்கும், கே.எல். சென்ட்ரல் அருகே உள்ள நீச்சல் குளத்துடன் கூடிய கொண்டோவுக்கும் வேறு வேறு சட்டம் கிடையாது.

சாவி கொடுத்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் மேம்பாட்டாளர் முதல் பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அதில் ஜே.எம்.பி. அமைகிறது. பட்டாக்கள் பதிவான பிறகு நிர்வாகக் கழகம், அதாவது எம்.சி., பொறுப்பை ஏற்கிறது. பெயர் மாறினாலும் இரண்டும் வீட்டு உரிமையாளர்களின் அமைப்புகளே. "நிர்வாகம் சரியில்லை" என்று திட்டுகிறவர் தன்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறார் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அவர் பார்க்கும் குமாஸ்தாவும் மேற்பார்வையாளரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். முடிவெடுப்பது பொதுக்கூட்டமும் அது தேர்ந்தெடுக்கும் குழுவும்தான்.

கட்டணக் கணக்கு

மாதக் கட்டணம் எப்படி முடிவாகிறது? ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு அலகு என்று ஓர் எண் உண்டு. வீட்டின் பரப்பளவு, அது எந்த வகைக் கட்டடம், அதோடு சேர்ந்த வாகன நிறுத்துமிடத்தின் பரப்பளவு ஆகியவற்றை வைத்து, சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள வாய்பாட்டின்படி அது கணக்கிடப்படுகிறது. கணக்குக்காக ஒரு வீட்டுக்கு 100 பங்கு அலகு என்றும், ஓர் அலகுக்கு 2 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் 200 வெள்ளி. சிங்கிங் ஃபண்ட் எனப்படும் சேம நிதிக்கு இன்னும் 10 விழுக்காடு சேர்த்தால் 220 வெள்ளி. தொடக்கக் காலத்தில் இந்த 10 விழுக்காடு சட்டம் சொன்ன அளவு, எம்.சி. அமைந்த பிறகு எவ்வளவு என்பதைப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கலாம்.

இப்படி 300 வீடுகள் இருந்தால் மாதம் 66,000 வெள்ளி வர வேண்டும். அதில் 100 பேர் "பிறகு கட்டுகிறேன்" என்று சொன்னால் கையில் இருப்பது 44,000 வெள்ளி. ஆனால் மின்தூக்கி நிறுவனம் ஒரு காசு குறைக்காது. பாதுகாவலர் சம்பளம் குறையாது. பழைய கட்டடங்கள் பலவற்றில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய மீட்டர்தான். தண்ணீர்க் கட்டணம் ஒரே பில்லாக வரும். அதைக் கட்டத் தவறினால் ஒழுங்காகப் பணம் கட்டியவர் வீட்டுக் குழாயிலும் காற்றுதான் வரும். ஆக, பணத்தை நிறுத்தியவரின் கோபம் போய் விழுவது எதிர் வீட்டுப் பாட்டியின் தலையில்.

இப்போது சட்டம் என்ன செய்யும் என்று பார்ப்போம். நோட்டீஸ் கிடைத்த 14 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம். அதற்கும் அசையாவிட்டால் முறைப்படி கோரிக்கை நோட்டீஸ் வரும். அதையும் தகுந்த காரணமின்றிப் புறக்கணிப்பது குற்றமாகிறது. 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. தொடர்ந்து கட்டாத ஒவ்வொரு நாளுக்கும் 50 வெள்ளி வரை கூடுதல் அபராதம் வேறு. கட்டட ஆணையரிடம் வாரண்டு பெற்று வீட்டிலுள்ள அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்யவும் வழி உண்டு.

இவற்றை விட அன்றாடம் கண்ணில் படுவது வேறு. 2015ஆம் ஆண்டின் விதிகளின்படி, கட்டாதவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வாசலைத் திறக்கும் அக்சஸ் கார்டை முடக்கலாம். அதை மீண்டும் இயக்க 50 வெள்ளிக்கு மேல் வசூலிக்கக்கூடாது. நீச்சல் குளம், மண்டபம் போன்ற பொது வசதிகளை நிறுத்தலாம். ஆனால், வீட்டுக்குள் போக விடாமல் தடுக்க முடியாது. பாதுகாவலர் அறையில் வைத்திருக்கும் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகச் சொல்லலாம், அவ்வளவுதான். அந்த விதிகளில் நிர்வாகத்துக்குத் தரப்பட்டுள்ள அதிகாரங்களில் வீட்டின் தண்ணீரை வெட்டுவது இடம்பெறவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. கட்டாதவருக்கும் உரிமை உண்டு, அளவு மீறும் நிர்வாகத்தை அவர் தட்டிக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் விட ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பொதுக்கூட்டத்துக்கு 7 நாள் முன்னதாக ஒரு வெள்ளி நிலுவை இருந்தாலும் அவருக்கு ஓட்டுரிமை கிடையாது! நிர்வாகம் சரியில்லை என்று கட்டணத்தை நிறுத்தியவர், அதே நிர்வாகத்தை மாற்றும் நாளன்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மோசமான குழு ஒன்று பதவியில் நீடிக்க விரும்பினால், தன்னை எதிர்ப்பவர்கள் கட்டணம் கட்டாமல் இருப்பதைவிட நல்ல செய்தி அதற்கு வேறு இல்லை.

பத்துப் பேர் கூட்டம்

"ஓட்டு இருந்து என்ன பயன்? கூட்டத்துக்குப் போனால் சண்டைதான்" என்பது மறுதரப்பு வாதம். இதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் யார் சண்டை போடுகிறார்கள், யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும் என்பது விதி. அரை மணி நேரம் காத்திருந்தும் அவ்வளவு பேர் சேராவிட்டால் வந்திருப்பவர்களே போதும் என்று அதே விதி சொல்கிறது. அதாவது 300 வீடுகள் உள்ள இடத்தில் 12 பேர் வந்தால், அந்த 12 பேர் கட்டணத்தையும் உயர்த்தலாம், குழுவையும் தேர்ந்தெடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சி முன்னால் இருந்த மற்ற 288 பேரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

வர முடியாதவர் பதிலாளை அனுப்பலாம். கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் ஒரே ஒரு உரிமையாளருக்குத்தான் பதிலாளாக இருக்க முடியும். ஒருவரே ஒரு கட்டுப் படிவத்தோடு வந்து உட்காரும் பழைய வித்தை இப்போது செல்லாது. கை தூக்கும் வாக்கெடுப்பில் ஆளுக்கு ஓர் ஓட்டு. வாக்குச்சீட்டு முறை கேட்கப்பட்டால் பங்கு அலகின்படி எண்ணப்படும். பெரிய வீட்டுக்காரருக்கு அப்போது பலம் கூடும் என்பதை மறந்துவிடக்கூடாது. மொத்தப் பங்கு அலகில் கால் பங்கு வைத்திருப்பவர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் அவசரப் பொதுக்கூட்டத்தைக் கூட்டியே ஆக வேண்டும். தணிக்கை செய்த கணக்கு பொதுக்கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்; அதன் நகல் கட்டட ஆணையருக்கும் போக வேண்டும். கணக்கு கேட்பது வம்பு பேசுவது அல்ல.

கட்டணம் தொடர்பான ஒரு வழக்கு சுபாங் ஜெயாவில் இருக்கும் மெனாரா ராஜாவாலியிலிருந்து கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. அங்கே வாகன நிறுத்துமிடங்களுக்கு ஒரு விகிதமும் மற்ற பகுதிகளுக்கு வேறு விகிதமும் ஜே.எம்.பி. விதித்திருந்தது. அப்படி வெவ்வேறு விகிதம் விதிக்க ஜே.எம்.பி.க்கு அதிகாரம் இல்லை என்று 2019ஆம் ஆண்டு தீர்ப்பானது. முற்றிலும் வேறுபட்ட பயன்பாட்டுக்குரிய பகுதிகளுக்குத் தனி விகிதம் வைக்கும் அதிகாரம் எம்.சி.க்கு மட்டுமே சட்டத்தில் தரப்பட்டிருக்கிறது. கீழே கடைகளும் மேலே வீடுகளும் உள்ள கட்டடங்களில் வசிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மேல் வீட்டுத் தண்ணீர்

அடுக்குமாடியில் அக்கம் பக்கத்து உறவைக் கெடுப்பதில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், குளியலறைக் கூரையில் தோன்றும் அந்த மஞ்சள் கறைக்குத்தான். கீழ் வீட்டுக்காரர் மேலே போய்க் கதவைத் தட்டுவார். "அண்ணே, உங்கள் பாத்ரூம் ஒழுகுது" என்பார். "எங்கள் வீடு நன்றாகத்தான் இருக்கிறது, வேறு எங்காவது பாருங்கள்" என்று பதில் வரும். இரண்டாவது முறை போகும்போது குரல் உயரும். மூன்றாவது முறை கதவு திறக்காது. வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கும் உரிமையாளராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தச் சண்டைக்குச் சட்டம் மிகத் தெளிவான வழி காட்டியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கீழ் வீட்டுக்காரர் மேல் வீட்டுக்குப் போவதற்கு முன் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு இருப்பது போதாது. கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து 7 நாட்களுக்குள் நிர்வாகம் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த 5 நாட்களுக்குள் கசிவுக்குக் காரணம் என்ன, யார் பொறுப்பு என்று 28ஆம் எண் படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும்.

இதில் முக்கியமான ஓர் அம்சம் உண்டு. கூரையில் கசிவு தெரிந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை குறை மேலே இருக்கும் வீட்டில் அல்லது மேலே இருக்கும் பொதுப் பகுதியில்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. "நிரூபி பார்க்கலாம்" என்று கீழ் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிரூபிக்க வேண்டியவர் மேலே இருப்பவர். காரணம் மேல் வீட்டின் குளியலறைத் தரை என்றால் அந்த உரிமையாளர் சான்றிதழ் கிடைத்த 7 நாட்களுக்குள் பழுது பார்க்க வேண்டும். செய்யாவிட்டால் நிர்வாகமே செய்து அவரிடம் செலவை வசூலிக்கும். பல வீடுகளுக்கும் பொதுவான குழாய் காரணம் என்றால் செலவு நிர்வாகத்தின் கணக்கில். முடிவில் திருப்தி இல்லாதவர் கட்டட ஆணையரிடம் போகலாம். அவர் பொறியாளர் போன்ற நிபுணரை நியமித்துக் காரணத்தைக் கண்டறியச் செய்யலாம்.

புதிய வீடாக இருந்தால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அடுக்குமாடி வீடுகளுக்கான அரசாங்கத்தின் விற்பனை ஒப்பந்தப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் அவகாசம். 25ஆவது மாதம் படம் எடுத்துக்கொண்டு ஓடுவதில் பயனில்லை.

பூசை மணியும் காலணி அலமாரியும்

நம்மவர்களுக்கு வரும் தனிச் சிக்கல்கள் சில உண்டு. காலை ஆறு மணிக்கு மணி அடித்தால் பக்கத்து வீட்டில் புகார். வாசலில் கோலம், நடைபாதையில் துளசி மாடம், கதவோரம் காலணி அலமாரி, புதுமனை புகுவிழாவுக்கு ஹோமம், இறப்பு நேர்ந்தால் உடலை வீட்டுக்குக் கொண்டு வருவது. இவற்றில் சட்டம் யார் பக்கம்?

வீட்டுக்குள் கும்பிடுவதைப் பற்றி விதிகளில் எதுவும் இல்லை. ஆனால் மற்றவர்களுக்குத் தொல்லை தரும் ஒலி, புகை எல்லோருக்கும் பொதுவான விதிக்குள் வரும். அது பூசை மணியா கராவோக்கேயா என்று பார்க்காது. நடைபாதை பொதுச்சொத்து. அங்கே அலமாரியோ, செடியோ, மாடமோ வைத்து வழியை அடைத்தால் எடுக்கச் சொல்ல நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. தீப்பிடித்த இரவில் புகைக்குள் தடுமாறி ஓடுகிறவர் கால் இடறுவது அந்த அலமாரியில்தான் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். துணியைப் பால்கனிக்கு வெளியே தொங்கவிடக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. வளர்ப்புப் பிராணி மற்றவர்களுக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ இருந்தால், நோட்டீஸ் கிடைத்த 3 நாட்களுக்குள் அதை அகற்ற வேண்டும். ஹோமம், இறுதிச் சடங்கு போன்றவற்றுக்கு முன்கூட்டியே நிர்வாகத்திடம் பேசி, கீழே மண்டபத்தையோ திறந்த இடத்தையோ கேட்டுப் பெறுவதே வழி. குழுவில் நம்மவர் ஒருவராவது இருந்தால் இந்தப் பேச்சு சுலபமாக முடியும். அதற்கும் பொதுக்கூட்டத்துக்குப் போயிருக்க வேண்டும்!

வாகனம் நிறுத்துவதில் வரும் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தவறான இடத்தில் நிறுத்திய வாகனத்துக்கு நிர்வாகம் பூட்டுப் போடலாம். ஆனால் அதை எடுக்க விதிக்கும் கட்டணம் 200 வெள்ளியைத் தாண்டக்கூடாது. பட்டாவில் வீட்டோடு சேர்ந்திருக்கும் நிறுத்துமிடத்தைத் தனியாக விற்க முடியாது. கோத்தா டாமன்சாராவில் உள்ள பாம் ஸ்பிரிங் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான நிறுத்துமிடங்கள் ஒரு சில வீடுகளோடு மட்டும் இணைக்கப்பட்டுக் கைமாறின. எம்.சி. வழக்குத் தொடுத்தது. அப்படிச் செய்தது செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என் வீட்டை யாருக்கும் விடலாமா?

அண்மைக் காலத்தின் பெரிய வழக்கு மோண்ட் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் கட்டடத்திலிருந்து வந்தது. சில உரிமையாளர்கள் தங்கள் வீடுகளை ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் வழியாக நாள் வாடகைக்கு விட்டார்கள். பெட்டியும் கையுமாகத் தினமும் புது முகங்கள் வந்தன. நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்குப் பாதுகாப்பும் அமைதியும் போயிற்று. எம்.சி. பொதுக்கூட்டம் கூட்டி, குறுகிய கால வாடகையைத் தடை செய்யும் கூடுதல் விதியை நிறைவேற்றியது. உரிமையாளர்கள் விடவில்லை. வீட்டை மாற்றவோ குத்தகைக்கு விடவோ தடுக்கும் கூடுதல் விதி எதுவும் செல்லாது என்று 757ஆவது சட்டத்தின் 70ஆவது பிரிவே சொல்கிறதே என்று வாதிட்டார்கள். கட்டடம் நிற்பது வர்த்தக நிலம் என்பதும் அவர்கள் வாதம்.

வலுவான வாதம்தான். ஆனால் 2020 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் எம்.சி. பக்கமே தீர்ப்புச் சொன்னது. இரண்டு நாள் தங்கிப் போகிறவர் வாடகைக்காரர் அல்ல. தங்கிக்கொள்ள அனுமதி பெற்றவர் மட்டுமே. வீட்டின் மீது முழு ஆளுகை அவருக்குக் கிடையாது. எனவே அதைத் தடுப்பது குத்தகையைத் தடுப்பதாகாது என்பது தீர்ப்பின் சாரம். இதை வைத்துக்கொண்டு எந்த வாடகையையும் தடுக்கலாம் என்று சில குழுக்கள் நினைப்பது தவறு. ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் போட்டுக் குடும்பத்துக்கு வீடு கொடுப்பதை எம்.சி. தடை செய்ய முடியாது. கூடுதல் விதி கொண்டுவர 21 நாள் அறிவிப்பும், பதிவான ஓட்டில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் வேண்டும். குழுவினர் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதி ஒட்டும் தாள் சட்டமாகிவிடாது.

வாடகைக்கு விட்டவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: விதிகள் வாடகைக்காரரையும் கட்டுப்படுத்தும், ஆனால் மாதக் கட்டணத்துக்குச் சட்டம் தேடி வருவது உரிமையாளரைத்தான். "வாடகைக்காரர் கட்டுவதாகப் பேச்சு" என்பது அவர்கள் இருவருக்குள் உள்ள கணக்கு.

மாநகர் மன்றத்தின் பி.பி.ஆர். வாடகை வீடுகளின் நிலை வேறு. அங்கே குடியிருப்பவர்கள் உரிமையாளர்கள் அல்ல. பராமரிப்பு மன்றத்தின் பொறுப்பு. 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் வட்டாரத்தில் உள்ள ஸ்ரீ பந்தாய் பி.பி.ஆரில் மேலிருந்து எறியப்பட்ட நாற்காலி விழுந்து 15 வயது இந்திய மாணவர் உயிரிழந்தார். வீட்டின் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கெல்லாம் அப்பாற்பட்ட கொடுமை அது.

பூட்டிய பெட்டியில் பணம் எதற்கு?

"சேம நிதியில் இவ்வளவு பணம் இருக்கிறதே, அதை எடுத்து மாதச் செலவுக்குக் கொடுக்க வேண்டியதுதானே" என்று கூட்டங்களில் கேட்பவர்கள் உண்டு. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடத்தின் ஒரு தொகுதி சரிந்து 48 பேர் மாண்டார்கள். அங்கே குற்றம் குடியிருந்தவர்களுடையது அல்ல. பின்னால் இருந்த மலைச்சரிவும் அதன் நீர் வடிகாலும்தான் காரணம். எஞ்சிய இரண்டு தொகுதிகளின் உரிமையாளர்கள் பல ஆண்டுகள் வழக்கு நடத்தினார்கள். 2006ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம், ஊராட்சி மன்றத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு யாரை நம்புவது?

அந்த விபத்துக்குப் பின், ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியாளரைக் கொண்டு சோதிக்கச் சொல்லும் பிரிவு 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. மன்றம் நோட்டீஸ் அனுப்பினால் சோதனைச் செலவும், அதில் தெரியவரும் பழுதுக்கான செலவும் உரிமையாளர்கள் தலையில்தான். மின்தூக்கி மாற்றுவது, கூரை நீர்த்தடுப்பு, சுவர் சாயம் எல்லாமே இலட்சக்கணக்கில் போகும். சேம நிதி அதற்காகத்தான் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. அது காலியான கட்டடத்தில் வீட்டின் விலை இறங்குவதை வங்கி மதிப்பீட்டாளர் வந்து சொல்ல வேண்டியதில்லை. பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் அறையின் அளவைப் பார்ப்பதோடு, சேம நிதியில் எவ்வளவு இருக்கிறது, அந்த வீட்டுக்கு நிலுவை எவ்வளவு என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏல வீடு என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை.

எங்கே போவது?

குழு கணக்குக் காட்டவில்லை, கூட்டம் கூட்டவில்லை, கசிவுக்குப் பதில் இல்லை என்றால் முதல் படி கட்டட ஆணையர். சி.ஓ.பி. என்று கேட்டால் காட்டுவார்கள். கோலாலம்பூரில் மாநகர் மன்றத்திலும், கிள்ளானில் 2024 பிப்ரவரியில் தகுதி உயர்த்தப்பட்ட கிள்ளான் அரச மாநகர் மன்றத்திலும் அந்த அலுவலகம் இயங்குகிறது.

பணம் சம்பந்தப்பட்ட, அல்லது உத்தரவு தேவைப்படும் வழக்கு என்றால் ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம். வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் கீழ் 2015ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் இந்த மன்றம் 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். உரிமையாளர் நிர்வாகத்தின் மீதும், நிர்வாகம் உரிமையாளர் மீதும், ஓர் உரிமையாளர் இன்னோர் உரிமையாளர் மீதும் வழக்குப் போடலாம். பொதுவாக வழக்கறிஞர் வர முடியாது. சம்பந்தப்பட்டவர்களே பேச வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய வசதி. விசாரணை தொடங்கிய 60 நாட்களுக்குள் முடிந்தவரை தீர்ப்பு சொல்லிவிட வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. அந்தத் தீர்ப்பை மதிக்காதது தனிக் குற்றம். 250,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம்.

நடுவர் மன்றத்துக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்களின் முத்திரையிட்ட நகல்கள், தேதியுள்ள படங்கள், 28ஆம் படிவம் கிடைத்திருந்தால் அது, பழுது பார்த்ததற்கான ரசீதுகள், அதோடு மாதக் கட்டணம் கட்டிய ரசீதுகள். கடைசியாகச் சொன்னது இல்லாமல் போகிறவரிடம் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வியே நிலுவையைப் பற்றித்தான் இருக்கும். அவர் மீது அங்கேயே எதிர்க்கோரிக்கையும் வரக்கூடும். கட்டணத்தில் சந்தேகம் உள்ளவர்கள், ஆட்சேபத்தோடு கட்டுவதாகக் கடிதத்தில் எழுதிப் பணத்தைக் கட்டிவிட்டு, அதைத் திரும்பக் கேட்டு நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கலாம். அப்போது அக்சஸ் கார்டும் வேலை செய்யும், அடுத்த பொதுக்கூட்டத்தில் கையும் தூக்கலாம்.